ஆப்பிரிக்கா: நிலமும் மக்களும் ஒரே பாடம்

(கோலார் தங்கவயலில் தமிழ் மாணவர்களுக்காக நடைபெற்ற அரசியல் வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



ஆப்பிரிக்கா என்றவுடன் மனத்தில் எழும் காட்சிகள் எவை? சிங்கம், யானை, ஒட்டகச்சிவிங்கி, முரசும் நடனமும், எலும்பும் தோலுமாய் ஒரு குழந்தை. தொலைக்காட்சியும் திரைப்படமும் நமக்கு வழங்கியவை இவை. இவற்றில் காடு உண்டு, விலங்கு உண்டு, பசி உண்டு. வயலில் உழுபவர், சுரங்கத்தில் இறங்குபவர், பள்ளியில் கற்பிப்பவர், நூல் எழுதுபவர், சங்கம் அமைப்பவர் ஆகிய எவரும் இல்லை.

இயற்கைச் செல்வம் ஒரு பாடம், மரபுப் பண்பாடு மற்றொரு பாடம் என்று பிரித்துக் கற்பிப்பதால் நேரும் விளைவு இது. இரண்டையும் இணைக்கும் மனித உழைப்பு இடையில் விடுபட்டுப் போகிறது. அந்தச் செல்வத்தை எடுத்துச் சென்றவர் யார் என்ற கேள்வியும் அதனுடன் சேர்ந்து மறைந்துவிடுகிறது. இவற்றை மீட்டு, நிலத்தையும் மக்களையும் ஒரே பாடமாகப் படிப்பதே இன்றைய வகுப்பின் நோக்கம்.

வரைபடத்திலிருந்து தொடங்குவோம். வகுப்பறைச் சுவரில் வழக்கமாகத் தொங்கும் உலக வரைபடத்தில் ஆப்பிரிக்காவும் கிரீன்லாந்தும் ஏறத்தாழ ஒரே அளவில் தோன்றும். உண்மையில் ஆப்பிரிக்கா 14 மடங்கு பெரியது. 1569இல் மெர்கேட்டர் கடலோடிகளுக்காக வகுத்த முறை அது. திசை பிழையாது, பரப்பு பிழைக்கும். நிலநடுக்கோட்டிலிருந்து விலகியுள்ள ஐரோப்பா பெருத்துக் காணும். நடுக்கோட்டின் மேல் கிடக்கும் ஆப்பிரிக்கா சிறுத்துக் காணும். அக்கண்டத்தின் பரப்பு ஏறத்தாழ 3 கோடி சதுர கிலோமீட்டர். இந்தியாவைப் போல் ஒன்பது நாடுகளை அதற்குள் அடக்கலாம். ஐக்கிய நாடுகள் அவையில் இடம்பெற்றுள்ள 54 நாடுகள் அங்கே உள்ளன. பேசப்படும் மொழிகள் 2000 அளவில் இருக்கும். 'ஆப்பிரிக்க மொழி', 'ஆப்பிரிக்க உணவு' என்று ஒருமையில் பேசுவது எவ்வளவு பிழை என்பதை இந்த எண்களே காட்டும்.

திணையின் வழியில் ஒரு கண்டம்

இத்தனை பெரிய நிலத்தை எப்படி அறிமுகம் செய்வது? தமிழ் மாணவர்க்கு ஒரு கருவி கைவசம் உள்ளது. தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று கொண்டது. உணவு, விலங்கு, மரம், பறை, தொழில் முதலியவற்றைக் கருப்பொருள் என்றது. மாந்தரின் வாழ்வொழுக்கத்தை உரிப்பொருள் என்றது. ஆப்பிரிக்க நிலங்களுக்குத் தமிழ்ப் பெயர் சூட்டவேண்டியதில்லை. நிலத்தையும் வாழ்வையும் பிரிக்காது காணும் அந்தப் பயிற்சியை மட்டும் உடன் கொண்டு சென்றால் போதும்.

வடக்கே சகாரா. ஏறத்தாழ 90 லட்சம் சதுர கிலோமீட்டர் பாலை. செழித்த நிலம் வறண்டு பாலையாகத் திரியும் என்ற சிலப்பதிகாரக் கருத்தை இங்கே நினைவுகூரலாம். சகாரா அவ்வாறு திரிந்த நிலமே. சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு அங்கே ஏரிகளும் புல்வெளிகளும் இருந்தன. அல்ஜீரியாவின் தசிலி மலைப் பாறைகளில் மாடு மேய்ப்போரையும் நீர்வாழ் விலங்குகளையும் அன்றைய மக்கள் தீட்டி வைத்துள்ளனர்.

பாலையின் தென்விளிம்பு சாஹேல். அரபு மொழியில் அச்சொல்லுக்குக் 'கரை' என்று பொருள், மணற்கடலின் கரை. கம்பு முதன்முதலில் பயிராக்கப்பட்டது இந்தப் பகுதியில். சோளம் சூடான் சமவெளியின் கொடை. கேழ்வரகு எத்தியோப்பியா, உகாண்டா மேட்டுநிலங்களின் கொடை. தட்டைப்பயறும் ஆப்பிரிக்காவில் பிறந்ததே. ஏறத்தாழ 4000 ஆண்டுகளுக்கு முன்பு தொடங்கி இத்தானியங்கள் ஒவ்வொன்றாக இந்தியா வந்து சேர்ந்தன என்பது தொல்தாவரவியல் அறிஞர் கருத்து. கோலார் மாவட்டத்தில் வீடுதோறும் கிளறப்படும் களிக்கான விதையை முதலில் காட்டுப்புல்லிலிருந்து பிரித்து, தேர்ந்து, பயிராக்கியவர் ஆப்பிரிக்க உழவர். ஆப்பிரிக்காவுக்கு நாகரிகம் கற்பிக்கப் போனதாகச் சொல்லிக்கொண்டவர்களுக்கு நம் அடுப்படியிலேயே மறுமொழி இருக்கிறது.

அந்த உழவர் அறிவு பழங்கதையாகிவிடவில்லை. புர்கினா பாசோவில் யாகூபா சவடோகோ என்னும் உழவர் 1980களின் வறட்சியில், இறுகிப்போன நிலத்தில் குழி தோண்டி எருவிட்டு மழைநீரைத் தேக்கும் மரபு முறையை மேலும் செப்பம் செய்தார். எருவை நாடி வந்த கரையான்கள் மண்ணைத் துளைத்து நெகிழ்த்தின. தரிசில் சோளமும் கம்பும் விளைந்தன, காடும் வளர்ந்தது. அவருக்கு 2018இல் 'மாற்று நோபல்' எனப்படும் உலகப் பரிசு கிடைத்தது.

கிழக்கே எத்தியோப்பிய மேட்டுநிலம். காப்பிச் செடியின் தாயகம். ஒரே பாறையைக் குடைந்து செதுக்கிய லாலிபெலா தேவாலயங்கள் பதினொன்று அங்கே உள்ளன. தனக்கென எழுத்து முறை கொண்ட நாடு அது. 1896 மார்ச்சில் அட்வா போர்க்களத்தில் இத்தாலியப் படையை முறியடித்த நாடும் அதுவே. இந்தியப் பெருங்கடலின் ஓரத்தில் கில்வா, மொம்பாசா, சான்சிபார் துறைமுகங்கள். பருவக்காற்றைக் கணக்கிட்டு அங்கிருந்து குஜராத்துக்கும் அரபுக் கரைக்கும் கலங்கள் வந்து சென்றன. அந்தக் கடற்கரை வாழ்வில் வளர்ந்த மொழி சுவாஹிலி. மேற்கே நைஜர் ஆற்றின் உள்நாட்டுக் கழிமுகத்தில் ஆப்பிரிக்கர் தமக்கே உரிய நெல்லினத்தைப் பயிராக்கினர். நடுவே காங்கோ ஆற்றுப் படுகை. அமேசானுக்கு அடுத்து உலகின் மிகப்பெரிய மழைக்காடு.

செல்வம் எங்கே சென்றது?

செல்வப் பட்டியல் இங்கே முடிந்துவிட்டால் அது சுற்றுலாக் கையேடு ஆகிவிடும். அடுத்த கேள்விக்கு வருவோம்.

1884 நவம்பர் முதல் 1885 பிப்ரவரி வரை பெர்லினில் ஒரு மாநாடு கூடியது. ஐரோப்பிய அரசுகளும் அமெரிக்காவும் உள்ளிட்ட 14 நாடுகள் கலந்துகொண்டன. பேசப்பட்டது ஆப்பிரிக்கா, அவையில் ஓர் ஆப்பிரிக்கரும் இல்லை. கண்டத்தைப் பங்கிட்டுக்கொள்வதற்கான விதிகளை அந்த மாநாடு வகுத்தது. அதன் விளைவாகக் காங்கோ, பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்டின் தனிச்சொத்து ஆயிற்று. ரப்பர் பால் சேகரிக்க மக்கள் காட்டுக்குள் விரட்டப்பட்டனர். குறித்த அளவு கொண்டுவராத ஊர்கள் எரிக்கப்பட்டன. செலவழித்த தோட்டாவுக்குக் கணக்காக, வெட்டப்பட்ட மனிதக் கைகளைப் படைவீரர் அதிகாரிகளிடம் ஒப்படைத்தனர். உலகின் கண்டனம் பெருகியதால் 1908இல் மன்னரின் சொத்து பெல்ஜிய அரசின் காலனியாக மாற்றப்பட்டது. செம்பும் வைரமும் தொடர்ந்து வெளியேறின. ஹிரோஷிமாவை அழித்த அணுகுண்டு தயாரிக்கப்பட்ட திட்டத்துக்கு யுரேனியம் பெருமளவில் வந்தது காங்கோவின் ஷின்கொலொப்வே சுரங்கத்திலிருந்துதான்.

1960 ஜூன் 30 அன்று காங்கோ விடுதலை பெற்றது. நாட்டின் வளம் நாட்டு மக்களுக்கே என்று முழங்கிய முதல் பிரதமர் பத்ரிஸ் லுமும்பா, ஏழு மாதம் நிறைவதற்குள், 1961 ஜனவரி 17 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். செம்பு வளம் மிக்க கட்டாங்கா மாநிலம் அதற்கு முன்பே பெல்ஜியத்தின் துணையுடன் பிரிக்கப்பட்டிருந்தது. கொலை நடந்ததும் அங்கேதான். அவர் உடல் அமிலத்தில் கரைக்கப்பட்டது. எஞ்சிய ஒரே ஒரு பல்லைப் பெல்ஜியம் 2022 ஜூனில் அவர் குடும்பத்தாரிடம் ஒப்படைத்தது. பின்னர் 1965 முதல் 1997 வரை நாட்டை ஆண்ட மொபுட்டு மேலை வல்லரசுகளின் ஆதரவுடன் கருவூலத்தைச் சூறையாடினார். கொள்ளைக்கு வெளியிலிருந்து வரும் மூலதனம் மட்டும் போதாது. உள்ளிருந்து கதவைத் திறந்துவிடும் ஆளும் கும்பலும் வேண்டும் என்பதற்கு மொபுட்டு ஆட்சி சான்று.

இன்று கைப்பேசியிலும் மின் வாகனத்திலும் உள்ள மின்கலத்துக்குக் கோபால்ட் தேவை. உலகில் தோண்டப்படும் கோபால்ட்டில் பாதிக்கும் மேற்பட்டது காங்கோவிலிருந்து வருகிறது. பெரிய சுரங்கங்களின் அருகிலேயே, பாதுகாப்புக் கருவி ஏதுமின்றிக் கைக்கருவியால் குழி தோண்டுவோர் பல்லாயிரவர்; அவர்களுள் சிறுவரும் உள்ளனர். கானாவும் ஐவரி கோஸ்டும் உலகின் கொக்கோவில் பாதிக்கும் மேல் விளைவிக்கின்றன. சாக்லேட்டின் இலாபமோ ஐரோப்பிய, அமெரிக்க நிறுவனங்களுக்கு. மேற்கு ஆப்பிரிக்க முந்திரிக் கொட்டை கப்பலேறிக் கொல்லத்துக்கும் பண்ருட்டிக்கும் வருகிறது. அங்கே உழவர்க்கு உரிய விலை இல்லை. இங்கே கை கறுக்கத் தோலுரிக்கும் பெண் தொழிலாளிக்கு உரிய கூலி இல்லை. இவ்விருவரும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. ஆனால் ஒரே சங்கிலியின் அடிக்கண்ணிகள்.

இந்திய மூலதனத்துக்கும் இதில் பங்கு உண்டு. எத்தியோப்பியாவின் கம்பெல்லா பகுதியில் பரந்த விளைநிலங்களை இந்திய நிறுவனங்கள் குத்தகைக்கு எடுத்தபோது, அந்நிலத்தில் வாழ்ந்தவர் கதி என்ன என்ற கேள்வி எழுந்தது. பெல்ஜியத்தை நோக்கிக் கேட்கும் கேள்வியை நம் நாட்டு முதலாளிகளை நோக்கியும் கேட்பதுதான் சர்வதேசியம்.

ஆப்பிரிக்காவின் புகழ்பெற்ற வனவிலங்குகளின் கதையிலும் மக்கள் மறைக்கப்படுகின்றனர். செரெங்கெட்டி என்னும் பெயர் மாசாய் மக்களின் மொழியிலிருந்து வந்தது. அப்புல்வெளியில் தலைமுறை தலைமுறையாக மாடு மேய்த்த அம்மக்கள், தேசியப் பூங்காவுக்காக 1959இல் வெளியேற்றப்பட்டனர். 2022 ஜூனில் லொலியோண்டோ பகுதியில் மேய்ச்சல் நிலத்தைப் பிரித்து எல்லைக்கல் நடுவதை எதிர்த்த மாசாய் மக்கள் மீது தான்சானியக் காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது. ஒளிப்படத்தில் சிங்கத்தைக் காணும் மாணவர், படத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டவர் யார் என்றும் கேட்கப் பழகவேண்டும்.

பண்பாடும் பறிக்கப்பட்டது

மண்ணைப் பறிப்பவர், அந்த மண்ணுக்கு உரியவர் அறிவற்றவர் என்று நிறுவ முனைவர். அதற்கு வரலாறு இடையூறாக நிற்கும். ஆகவே அதையும் பறிக்கவோ மறுக்கவோ வேண்டியிருந்தது.

இன்றைய நைஜீரியாவில் இருந்த பெனின் அரசின் தலைநகரை 1897 பிப்ரவரியில் பிரிட்டிஷ் படை தாக்கி எரித்தது. அரண்மனையிலிருந்த ஆயிரக்கணக்கான உலோகச் சிற்பங்களும் யானைத்தந்த வேலைப்பாடுகளும் கொள்ளை போயின. மெழுகில் உருவம் செய்து, மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அவ்விடத்தில் உலோகத்தை ஊற்றும் முறை அது. சுவாமிமலைத் தபதியர் அறிந்த அதே மெழுகு வார்ப்பு. இத்துணை நுட்பம் ஆப்பிரிக்கர்க்கு எப்படி வந்தது என்று ஐரோப்பாவில் பலர் ஐயுற்றனர். பெனின் கலைப்பொருள்கள் 900க்கு மேல் இன்றும் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளன. திருப்பித் தர 1963ஆம் ஆண்டுச் சட்டம் தடையாக உள்ளது என்பது அதன் மறுமொழி. ஜெர்மனி 2022 டிசம்பரில் 20 சிற்பங்களை நைஜீரியாவிடம் நேரில் ஒப்படைத்தது. ஆகவே மனமிருந்தால் வழியுண்டு.

பெருஞ்சிம்பாப்வே என்னும் கல்நகரைப் பாருங்கள். சாந்து பூசாமல் கருங்கல்லை அடுக்கி எழுப்பிய மதில்கள். 11ஆம் நூற்றாண்டு முதல் 15ஆம் நூற்றாண்டு வரை தழைத்த நகரம். வெளியிலிருந்து வந்த ஏதோ ஓர் இனம் கட்டியது என்று குடியேற்ற வெள்ளையர் கதை கட்டினர். ஆப்பிரிக்கரே கட்டினர் என்பதை 1905இலும், கெர்ட்ரூட் கேட்டன் தாம்சன் 1929இல் மேற்கொண்ட அகழாய்விலும் தொல்லியல் தெளிவுபடுத்தியது. ஆயினும் ரொடீசியாவின் வெள்ளை ஆட்சி அவ்வுண்மையை வெளிப்படையாகச் சொல்லவிடாமல் அழுத்தம் தந்தது. 1980இல் விடுதலை பெற்ற நாடு அந்தக் கல்நகரின் பெயரையே தன் பெயராக்கிக்கொண்டது.

எழுத்தில்லாதவர் என்ற பழிக்குத் திம்புக்துவின் சுவடிகள் விடை. வானியல், மருத்துவம், சட்டம், இலக்கணம் எனப் பல துறைச் சுவடிகளை அங்குள்ள குடும்பங்கள் நூற்றாண்டுகளாகக் காத்துவந்தன. 2012இல் மதவெறி ஆயுதக் குழுக்கள் நகரைக் கைப்பற்றியபோது, நூலகர்களும் எளிய மக்களும் இலட்சக்கணக்கான சுவடிகளைப் பெட்டிகளில் அடைத்து, வண்டியிலும் படகிலும் தலைநகர் பமாக்கோவுக்குக் கடத்திச் சென்று காத்தனர்.

மொழியும் இதே போராட்டத்தின் களம். கென்யாவில் கூகி வா தியாங்கோ 1977இல் கமிரீத்து கிராமத்து உழவர், தொழிலாளரோடு சேர்ந்து கிகூயு மொழியில் நாடகம் நடத்தினார். ஆங்கிலத்தில் எழுதியவரை விட்டுவைத்திருந்த அரசு, மக்கள் மொழியில் மக்களையே மேடையேற்றியவரை அவ்வாண்டின் இறுதியில் விசாரணையின்றிச் சிறையிலிட்டது. சிறையின் கழிவறைத் தாளில் அவர் எழுதிய கிகூயு நாவல் தமிழிலும் வந்துள்ளது. 2025 மே மாதம் அவர் மறைந்தார்.

ஆனால் மரபு முழுவதையும் போற்றிவிட்டால் கடமை முடிந்துவிடாது. பண்பாட்டில் மக்களை எழுப்பும் கூறும் உண்டு, அடக்கும் கூறும் உண்டு. கினி பிசாவு விடுதலைப் போரின் தலைவர் அமில்கார் கப்ரால் வேளாண் அறிஞர். 1953இல் அந்நாட்டின் வேளாண் கணக்கெடுப்பை நடத்தி ஊர் ஊராக மண்ணையும் மக்களையும் அறிந்தவர். தேசிய விடுதலை என்பது பண்பாட்டுச் செயலே என்று வாதிட்ட அவர், பண்பாட்டின் குறைகளையும் ஆராய்ந்து விலக்கவேண்டும் என வலியுறுத்தினார். தாமஸ் சங்காரா தம் நாட்டு நெசவாளர் நெய்த பருத்தித் துணியை அரசு ஊழியர் உடுத்தச் செய்தார். அதே வேளையில் பெண் உறுப்புச் சிதைப்பையும் கட்டாய மணத்தையும் எதிர்த்தார். மரபைக் காப்பதும் மரபோடு போராடுவதும் அவருக்கு ஒரே பணியாக இருந்தன. கப்ரால் 1973 ஜனவரியிலும் சங்காரா 1987 அக்டோபரிலும் கொல்லப்பட்டனர்.

எதிர்த்து நிற்கும் மக்கள்

இரக்கம் கோரும் கண்டமாக ஆப்பிரிக்காவைக் காட்டுவதும் ஒருவகை இழிவே. கென்யாவில் வங்காரி மாத்தாய் 1977இல் தொடங்கிய பசுமைப் பட்டை இயக்கத்தில் ஊர்ப்புறப் பெண்கள் கோடிக்கணக்கான மரங்களை நட்டனர். அரசின் நிலப்பறிப்பையும் எதிர்த்து நின்றனர். நைஜர் கழிமுகத்தில் எண்ணெய்க் கசிவால் வயலும் ஆறும் நஞ்சான ஒகோனி மக்களைத் திரட்டிய எழுத்தாளர் கென் சரோ விவாவையும் தோழர்கள் எண்மரையும் நைஜீரிய இராணுவ ஆட்சி 1995 நவம்பர் 10 அன்று தூக்கிலிட்டது. தென்னாப்பிரிக்காவின் மரிக்கானா பிளாட்டினச் சுரங்கத்தில் ஊதிய உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர் மீது 2012 ஆகஸ்ட் 16 அன்று காவல்துறை சுட்டதில் 34 பேர் மாண்டனர். நிறவெறி ஆட்சி வீழ்ந்து 18 ஆண்டுகளுக்குப் பின் நடந்தது இது. ஆட்சியாளரின் தோல்நிறம் மாறியது. சுரங்கத்தின் உடைமை மாறவில்லை.

இதைப் புரிந்துகொள்ளத் தங்கவயல் மாணவருக்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. 1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் இங்கே வந்தது. தமிழகத்திலிருந்து வந்த, பெரும்பாலும் தலித் மக்களான தொழிலாளர், மூன்று கிலோமீட்டர் ஆழம் வரை இறங்கித் தங்கம் எடுத்தனர். தேசியமயமான பின்னும் தொடர்ந்த சுரங்கம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. தங்கம் போயிற்று, சயனைடு மண்மேடுகளும் நுரையீரல் நோயும் லைன் வீடுகளும் எஞ்சின. அத்தொழிலாளரின் பேரப்பிள்ளைகள் விடியுமுன் மாரிக்குப்பம் ரயிலேறி பெங்களூரில் வேலை தேடுகின்றனர். செல்வம் விளைந்த இடத்தில் வறுமை ஏன் என்ற கேள்விக்கு இந்த ஊரும் கட்டாங்காவும் ஒரே விடையைத் தருகின்றன.

அந்த ரயில் சென்று சேரும் பெங்களூரில் ஆப்பிரிக்க மாணவர்களும் படிக்கின்றனர். 2016 ஜனவரி 31 இரவு, சூடான் மாணவர் ஒருவர் ஓட்டிய கார் மோதி ஒரு பெண் இறந்தார். சற்று நேரத்துக்குப் பின் அவ்வழியே வந்த தான்சானிய மாணவி ஒருவரைக் கும்பல் இழுத்துத் தாக்கி, அவமானப்படுத்தி, அவர் வந்த காரையும் கொளுத்தியது. விபத்துக்கும் அவருக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. தோல்நிறம் ஒன்றே காரணம். 54 நாடுகளை ஒரே முகமாக்கிக் காட்டும் கல்வி, தெருவில் இறங்கும்போது இப்படித்தான் நடந்துகொள்ளும். சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்டதன் வலி அறிந்தவர்கள் நிறத்தின் பெயரால் ஒருவர் ஒதுக்கப்படுவதைப் பார்த்து வாளாவிருக்கலாகாது.

ஆகவே தோழர்களே, இங்கிருந்து செல்லும் ஒவ்வொருவரும் தத்தம் பகுதியில் ஒரு வகுப்பு நடத்துங்கள். கேழ்வரகிலிருந்து தொடங்குங்கள், கோபால்ட்டுக்கு வாருங்கள். பெனின் சிற்பத்தைக் காட்டுங்கள். அது இன்று எந்த நகரில் இருக்கிறது என்று கேளுங்கள். வாய்ப்புள்ள இடங்களில் ஆப்பிரிக்க மாணவர் ஒருவரை அழைத்து, அவர் நாட்டைப் பற்றி அவரே பேசச் சொல்லுங்கள். அவர் எந்த நாடு, எந்த ஊர், எந்த மொழி என்று முதலில் கேட்டறியுங்கள்; அவர் பெயரைப் பிழையின்றிச் சொல்லப் பழகுங்கள்.